வெளிவராத பாடல்

பாடகன் கிளமென்ட் நடத்தும் ராக் குழு தன் புகழ்பெற்ற பாடல்களையெல்லாம் ஒரே ஆல்பமாகத் தொகுத்து வெளியிட்ட விழாவில், அவன் மனைவி ஹெப்சிபா முதல் வரிசையில் அவனருகே அமர்ந்திருந்தாள். எல்லாமே அவளுக்கு மனப்பாடமான பாடல்கள். கடைசியாக, இதுவரை வெளிவராத ஒன்றை ஒலிக்கவிட்டார்கள். கிதார்கூட இல்லாமல் கிளமென்டின் குரல் மட்டும், தூங்கும் பிள்ளையை எழுப்பிவிடாமல் கூப்பிடுவதுபோல, "ஷெரின், ஷெரின்" என்றது.

கைக்குழந்தையாகவே இறந்துபோன அவர்கள் மகளின் பெயர் அது. அதற்குப்பின் அவன் அந்தப் பெயரை வீட்டில் உச்சரித்ததே இல்லை. அவள் சொன்னால் எழுந்து போய்விடுவான். அவனால் தாங்க முடியவில்லை என்று நினைத்து அவளும் சொல்வதை நிறுத்திவிட்டாள். குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழப் பழகியிருந்தாள்.

"இத எப்பப் பாடின?"

"அவ இறந்த அந்த மாசமே. ஸ்டுடியோல. குழுவுல பசங்க எல்லாருக்கும் தெரியும்."

"எனக்கு?"

"உங்கிட்ட முடியல, ஹெப்சி."

அதற்குள் அரங்கம் பாட்டைப் பிடித்துக்கொண்டது. முகம் தெரியாதவர்கள் எல்லாம் கைகளை உயர்த்தி அவள் மகளைக் கூப்பிட்டார்கள். ஹெப்சிபாவும் எழுந்து நின்று வாயைத் திறந்தாள். குரல் எழும்பவில்லை.