முட்டி முகாம்

விளக்கிக் காட்ட வைத்திருந்த பிளாஸ்டிக் முட்டியை எட்டாவது முறையாகக் கழற்றி மாட்டினாள் சிவசங்கரி. மேசைக்கு அடியில் அவள் கால் ஆடிக்கொண்டே இருந்தது.

ஜமுனாமரத்தூர் கல்யாண மண்டபத்தில் தனியார் ஆஸ்பத்திரி ஒன்றின் மூட்டுவலி முகாம். சந்தை நாள் பார்த்துப் போட்டிருந்தார்கள். மலையில் இருக்கிற முட்டிவலி மொத்தமும் வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தது. மணி இரண்டாகியும் அவளிடம் இருந்த நீலப் படிவம் ஒன்றுகூட நிரம்பவில்லை. நீலம் என்றால் ரோபோ அறுவை சிகிச்சை. வெள்ளை என்றால் சாதாரணம்.

"நீலம் ஒண்ணாவது வாங்கலைன்னா நாளைலருந்து வராதம்மா," என்று மேலாளர் குமரேசன் காலையில் வேனிலேயே சொல்லிவிட்டார். சிரித்துக்கொண்டே சொன்னார். அந்தச் சிரிப்புக்கே ஓர் அறை விடலாம்.

வீட்டில் முதல் பட்டதாரி. படித்தது உயிர்வேதியியல். செய்வது இது.

எதிரே மாணிக்கம்மாள். அறுபது வயதிருக்கும். இரண்டு முட்டியும் தேய்ந்துபோன எக்ஸ்ரேயை மடியில் வைத்திருந்தாள். மாற்றித்தான் ஆக வேண்டும் என்று டாக்டர் வில்சன் பார்த்துச் சொல்லி அனுப்பியிருந்தார். எந்த வகையில் மாற்றுவது என்று பேசி முடிப்பதுதான் சிவசங்கரியின் வேலை.

"சாதாரணம்னா டாக்டர் கருவி வெச்சு, கண்ணால பாத்து வெட்டுவாருங்க. ரோபோன்னா ஸ்கேன் எடுத்து உங்க எலும்பை முன்னாடியே கம்ப்யூட்டர்ல வரைஞ்சிடும். வெட்றது டாக்டர்தான். ஆனா கோட்டைத் தாண்டினா மெஷின் நின்னுடும். தப்பே நடக்காது."

"அப்ப கையால பண்ணா தப்பு நடக்குமா?"

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். சிவசங்கரிக்குக் காது சுட்டது.

நடக்காது. அது அவளுக்குத் தெரியும். மெஷின் நன்றாக அளக்கும், அவ்வளவுதான். ஒரு வருடம் கழித்து நடக்கவிட்டுப் பார்த்தால் யாருக்கு எதில் செய்தது என்று எனக்கே தெரியாது என்று வில்சன் ஒருநாள் டீ குடிக்கும்போது சொன்னார். பொய் சொல்கிற ஆள் இல்லை.

ஆனாலும் அது அவள் மண்டையில் ஏறவில்லை. அப்படியென்றால் காரில் வந்து இறங்குகிறவர்கள் எல்லாம் ஏன் ரோபோதான் வேண்டும் என்கிறார்கள்? ரேஷன் அரிசி. விடுதிச் சாம்பார். நாலு பேர் படித்துக் கிழித்த புத்தகம். நம் ஆட்களுக்கு எல்லாவற்றிலும் இரண்டாந்தரம்தானா? முட்டியிலுமா?

வெள்ளைப் படிவத்துக்கு மாணிக்கம்மாளின் காப்பீட்டு அட்டை போதும். நீலத்துக்குப் போதாது. அவளிடம் விற்பதற்கு இருப்பது சாமை விளைகிற காடு ஒன்றுதான்.

"காட்டை வித்துட்டு இன்னாத்த துன்றது?"

"முட்டி இல்லாம காட்டை வெச்சிக்கினு மட்டும் இன்னா பண்ணப் போறீங்க?"

சொன்ன பிறகுதான் தன் வாயில் வந்தது தனக்கே கேட்டது. அதற்குள் குமரேசன் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றுவிட்டார்.

"எங்கம்மாவுக்கு ரோபோலதான் பண்ணோம்," என்றாள் சிவசங்கரி வேகமாக. "மூணே மாசம். இப்ப ஓடுறாங்க."

குமரேசன் திருப்தியாகத் தலையாட்டிவிட்டு அடுத்த மேசைக்குப் போனார்.

மாணிக்கம்மாள் நீலப் படிவத்தைக் கையில் வாங்கினாள். பேனாவையும் வாங்கினாள். குமரேசன் போய்ச் சேரும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மேசைமேல் குனிந்து, குரலை இறக்கினாள்.

"போன வாரம் ஆலங்காயத்துலருந்து பஸ்ல வரச்சொல்ல உங்கம்மாவும் நானும் ஒரே சீட்டு."

சிவசங்கரியின் கால் ஆடுவது நின்றது.

"நீ பட்டம் வாங்குன போட்டோவ போன்ல காட்டினா. இந்த முகாமுக்குப் போ, எம்பொண்ணு இருப்பான்னு சொன்னதே அவதான். எறங்க முடியல அவளால. நானும் கண்டக்டரும் ஆளுக்கொரு பக்கம் புடிச்சு எறக்கினோம்."

பிளாஸ்டிக் முட்டியை மேசைமேல் வைத்தாள் சிவசங்கரி.

"பொண்ணு ஆஸ்பத்திரிலயே கீறா, அட்டை வேற கீது, நீ ஏன் பண்ணிக்கலன்னு கேட்டேன். சாதாரணம்லாம் எங்கம்மாவுக்கு வேணாம், பண்ணா ரோபோலதான்னு நீதான் ஒரே புடியா நிக்கிறியாம். ரெண்டு வருசமா பொறுத்துக்கினு கீறேன்னா."

மாணிக்கம்மாள் நீலத்தைத் தள்ளி வைத்துவிட்டு வெள்ளையை இழுத்துக்கொண்டாள். ஒவ்வோர் எழுத்தாக அழுத்திக் கையெழுத்துப் போட்டாள். போட்டு முடித்ததும் கையை நீட்டினாள்.

"இன்னொரு வெள்ளைத் தாளு குடு. அவளுக்கு."

தூரத்திலிருந்து குமரேசன் கட்டை விரலை உயர்த்தி, முடிந்ததா என்று கேட்டார். சிவசங்கரி அந்தப் பக்கம் பார்க்கவில்லை. ஒரு வெள்ளைப் படிவத்தை எடுத்தாள். கொடுக்காமல் தானே எழுதினாள். பெயர் என்ற இடத்தில் அம்மாவின் பெயர், செவ்வந்தி. ஊர். காப்பீட்டு அட்டை உண்டு.

வயது என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றது.

நின்றது நின்றபடியே இருந்தது.

"அம்பத்தாறுன்னு சொன்னா," என்றாள் மாணிக்கம்மாள்.