ஒண்ணுமில்லாத வலி

“மாரு வலிக்குதுன்னு ஒருத்தி பஸ் ஏறிச் சேலம் போவாளா? கேக்கறவங்க சிரிக்க மாட்டாங்க?”

அத்தாயி வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். உண்ணாமலையின் புருசன் கருப்பண்ணனுக்கு அக்கா; உண்ணாமலைக்கு நங்கை, அதாவது நாத்தனார். சின்ன வயசிலேயே தாலியறுத்து, தம்பியை வளர்த்து ஆளாக்கியவள். புதுச்சத்திரத்தில் அந்த வீட்டைப் பொறுத்தவரை அவள் வைத்ததுதான் சட்டம்.

“சிரிச்சாச் சிரிக்கட்டுங்க நங்கை. வலி எனக்குத்தானுங்க,” என்று கொண்டையை இறுக்கி முடிந்தாள் தம்பி பெண்டாட்டி உண்ணாமலை.

“பத்துப் போட்டு உட்டேனே?”

“போட்டீங்க. பத்து காஞ்சு உதுந்து போச்சு. வலி அப்படியே இருக்குதுங்க.”

“மொளகா சுத்திப் போட்டேனே?”

“போட்டீங்க. நெடியில ஊடே இருமுச்சு. வலி போகலீங்க.”

மாசா மாசம் அந்த வலி வந்தது. இரண்டு பக்கமும் கனத்து இறுகும். பையன் ஓடி வந்து கட்டிக்கொண்டால் உயிர் போகும். பிறகு தானாக அடங்கிவிடும். இது என்ன வலி என்று ஊரில் யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. பயந்துகொண்டு படுத்துக் கிடப்பதைவிடப் போய்க் கேட்டுவிட்டு வருவது மேல் என்று உண்ணாமலை முடிவு செய்துவிட்டாள். அவள் முடிவு செய்தால் செய்ததுதான்.

“ஏக்கா, போயிட்டுத்தான் வரட்டுமே,” என்றான் கருப்பண்ணன்.

அத்தாயி திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். அவனுக்கு உடனே மாட்டுக்குத் தண்ணீர் காட்டும் வேலை ஞாபகம் வந்துவிட்டது.

“எனக்கெல்லாம் ஒரு நாளு ஒடம்புல வலின்னு வந்திருக்குதா? வலிக்குது வலிக்குதுன்னு நெனச்சுக்கிட்டே இருந்தா வலிக்கத்தான் செய்யும்!”

“உங்க ஒடம்பு இரும்புங்க நங்கை. எனக்கு அந்தக் குடுப்பினை இல்லை. பையனைப் பாத்துக்குங்க, பொழுதோட வந்தர்றேன்.”

இரண்டாம் உலகச் சண்டைக் காலம். பெட்ரோல் இல்லாமல் பஸ்கள் கரியில் ஓடிக்கொண்டிருந்தன. மேட்டைக் கண்டால் முக்கி முனகி நிற்கும் அந்த பஸ்ஸில் ஏறி, உண்ணாமலை தன்னந்தனியாகச் சேலம் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தாள்.

சாயங்காலம் அவள் திரும்பி வந்தபோது, அக்கம்பக்கத்துப் பெண்கள் வாசலில் கூடியிருந்தார்கள். கூட்டியது யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

“என்னம்மிணி சொன்னாங்க?” என்றாள் பக்கத்து வீட்டு முத்தாயம்மாள்.

“டாக்டரம்மா நல்லா அமுத்திப் பாத்தாங்க. கட்டி கிட்டி ஒண்ணுமில்லைன்னுட்டாங்க. மாச விலக்காகறதுக்கு முந்தி சில பேருக்கு இப்படி வலிக்குமாமா. பயப்படாமப் போன்னாங்க!” உண்ணாமலையின் முகத்தில் அத்தனை நாள் பயமும் கழுவிவிட்டது போலிருந்தது.

“கேட்டீங்களா?” என்று கையைத் தட்டினாள் அத்தாயி. “ஒண்ணுமில்லாத வலிக்கு ஒரு நாள் பொழப்பைக் கெடுத்துட்டு வந்திருக்கறா!”

எல்லாரும் சிரித்தார்கள். உண்ணாமலையும் சேர்ந்து சிரித்தாள். ஒண்ணுமில்லை என்று தெரிந்துகொள்ளத்தானே அவள் போனாள்!

களியும் குழம்பும் போட்டுக் கொடுக்கும்போது அத்தாயி மெதுவாக ஆரம்பித்தாள். “அப்பறம் வேற என்ன சொன்னா அந்த டாக்டரம்மா?”

நாளைக்குக் கிணற்றடியில் கதை பேச விஷயம் தேடுகிறாள் என்று உண்ணாமலைக்குப் பட்டது. பேசினால் பேசட்டும், நாலு பொம்பளைகள் காதில் விழுந்தால் நல்லதுதான் என்று எல்லாவற்றையும் சொன்னாள்.

“வலிக்குதுன்னா ஓடி வந்தர்றாங்களாமா. வலிக்காத கட்டியைத்தான் ஒண்ணுமில்லைன்னு மூடி மறைச்சு வெச்சுக்கறாங்களாமா. கைக்குக் கெட்டியா ஏதாச்சும் தட்டுப்பட்டா, வலிச்சாலும் வலிக்காட்டியும் ஒடனே வந்தரோணும்னு சொன்னாங்க நங்கை.”

“வலிக்காததுக்கு வைத்தியமாமா! நல்லாச் சொன்னா போ!” என்று அத்தாயி சட்டியை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

இவளிடம் போய்ச் சொன்னேனே என்று உண்ணாமலைக்கு ஆத்திரமாக வந்தது.

விடிந்து பார்த்தால் அடுப்புப் பற்றவில்லை. அத்தாயியைக் காணோம்.

“அக்கா வெளுத்த சீலையக் கட்டிக்கிட்டு ரோட்டுப் பக்கம் போச்சு,” என்றான் கருப்பண்ணன். “நீ ஏதாச்சும் பேசிப் போட்டியா?”

“நான் என்னத்தைங்க பேசினேன்? சொல்லு கேக்காமச் சேலம் போனேன்னு கோவமாட்ட இருக்குது. சேந்தமங்கலத்துல சொந்தக்காரங்க ஊட்டுக்குப் பொறப்பட்டுட்டாங்க!”

உண்ணாமலை ஓட்டமும் நடையுமாக ரோட்டுக்கு வந்தாள். பஸ் நிற்கும் புளியமரத்தடியில் அத்தாயி ஒற்றையாக நின்றுகொண்டிருந்தாள்.

“இதுக்குப் போயி ஊட்டை உட்டுப் போவாங்களா நங்கை? நான் போனது தப்புன்னா ரண்டு திட்டுத் திட்டுங்க. வாங்க ஊட்டுக்கு.”

அத்தாயி நகரவில்லை. உண்ணாமலையின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“நீயும் கூட வாரயா அம்மிணி? தனியாப் போகப் பயமா இருக்குது.”

“எங்கீங்க?”

“உன்னைப் பாத்தாங்களே, அந்த டாக்டரம்மாகிட்ட.”

தூரத்தில் கரிப்புகை தெரிந்தது. உண்ணாமலை ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. நடு ரோட்டுக்குப் போய் பஸ்ஸுக்குக் கையைக் காட்டிவிட்டுத் திரும்பி வந்தாள். “நான் இருக்கறேன், வாங்க. ரொம்ப வலிக்குதுங்களா நங்கை?”

அத்தாயி அவள் கையை இழுத்து, வெள்ளைச் சீலைக்கு மேல் இடது மாரில் வைத்தாள். உண்ணாமலையின் விரலுக்குக் கெட்டியாய் ஒன்று தட்டுப்பட்டது.

“இல்லை சாமி. வருசமாச்சு, ஒரு நாள்கூட வலிக்கலை.”