விளக்குக்கு வைத்த பொட்டு

டீசல் கார் ஒன்றில் புகைக் கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி இருந்தது. அந்தக் கரியை எரிக்க உதவும் மருந்து, பக்கத்துத் தொட்டியில் தீர்ந்துவிட்டது.

"மூச்சு முட்டுது அண்ணே, முதலாளிகிட்டே சொல்லுங்க," என்று வடிகட்டி எச்சரிக்கை விளக்கிடம் கெஞ்சியது. விளக்கு ஒரு வாரம் விடாமல் எரிந்தது.

வெளிக்கடையில் மலிவாக ஒரு பாட்டில் மருந்து வாங்க நினைத்த முதலாளி சோமசுந்தரம், அதையும் தள்ளிப் போட்டார். ஆயுத பூஜை வந்தது. கண்ணை உறுத்திய விளக்குக்கு நேராகவே மீட்டர் கண்ணாடியில் சந்தனத்தை அப்பிக் குங்குமம் வைத்தார்.

"என்ன அண்ணே, பேச்சையே காணோம்?"

"மரியாதை பண்ணியிருக்காருடா. உடனே குறை சொன்னா நல்லாவா இருக்கும்?"

"உங்களுக்குச் சந்தனம், எனக்குச் சங்கா?"

தீபாவளிக்கு முன்பே கார் நடுச்சாலையில் நின்றது. மெக்கானிக் சந்தனத்தைத் துடைத்ததும் விளக்கு அசட்டுச் சிரிப்போடு எரிந்தது.

"ஒரு பாட்டிலோட போயிருக்கும் சார். இப்ப வடிகட்டியையே மாத்தணும்."

மாற்றினார்கள். தொட்டியும் நிறைந்தது. மனம் குளிர்ந்த சோமசுந்தரம் மறுபடி பூஜை போட்டார்.

பழையவன் கதையைத் தொட்டி சொல்லிக் கேட்டிருந்த புது வடிகட்டி நடுங்கியது. "அண்ணே, பொட்டு எங்கே வைக்கிறாரு?"

"அதே இடத்துலதான்," என்றது விளக்கு. "இந்தத் தடவை கொஞ்சம் பெரிசு."