ஒன்பதாம் சக்கரம்

மார்ச் 11, செவ்வாய். லிஃப்ட் சக்கரம் ஒன்பதைத் தட்டிப் பார்க்காமலே நேற்று ‘நல்லது’ என்று முத்திரை குத்திவிட்டேன். தவறு என்னுடையது.

எழுதிவிட்டு, இங்கே இரும்புப் பாகங்களைச் சோதித்து முத்திரை குத்தும் அவள் நோட்டை மூடுகிறாள். அரசுப் பரிசோதனைக்கூடத்தின் உயரமான ஜன்னல் வழியே மாலை வெயில் நான்கு மேஜைகள்மீதும் விழுகிறது. இரண்டில் தூசிதான் உட்கார்ந்திருக்கிறது. சாக்கின்மேல் கிடக்கும் எஃகுச் சக்கரத்தைச் சுத்தியலால் தட்டுகிறாள். நல்ல சக்கரம் கணீரென்று ஒலிக்க வேண்டும். தொப். உள்ளே பொள்ளல் இருந்தால் எடை குறையும் என்று மாலை வகுப்பில் படித்திருக்கிறாள். எடையோ இம்மி பிசகவில்லை. மறுபடி தட்டுகிறாள். தொப். குழம்பிப்போய் மேஜையைத் தட்டுகிறாள், சுவரைத் தட்டுகிறாள். இப்போது எல்லாமே உள்ளே காலியாக இருப்பதுபோல் கேட்கிறது. “என்ன டீச்சர், கட்டடத்துக்கும் சர்டிபிகேட் குடுக்கப் போறியா?” என்கிறார் மேற்பார்வையாளர். மாலை வகுப்புக்குப் படிக்கப் போகிறாள் என்பதால் அவர் கேலியாக வைத்த பெயர் அது. “சத்தம் சரியில்ல சார். ஆஸ்பத்திரி லிஃப்டுக்குப் போற சக்கரம்.” “சாக்குமேல கெடந்தா எதுதான் கணீர்னு கேக்கும்?” “அப்போ நல்ல சக்கரமா சார்?” “எனக்கெப்படிம்மா தெரியும்? எக்ஸ்ரே மெஷினும் போச்சு, அதைப் பாக்கத் தெரிஞ்ச ரெண்டு பேரும் போயாச்சு. முத்திரை மட்டும்தான் மிச்சம். காலைல எட்டு மணிக்கு லாரி வந்துடும்.” அவர் குடையை எடுத்துக்கொண்டு கிளம்புகிறார். வெயில் சக்கரத்தின் விளிம்பில் ஏறி, நீல முத்திரையைத் தொட்டு நிற்கிறது. அவள் நோட்டைத் திறக்கிறாள்.

நாளை, புதன்: ஏழு மணிக்கே வந்து சக்கரத்தைக் கயிற்றில் தொங்கவிட்டுத் தட்ட வேண்டும். அதற்கு முன் முத்திரையைச் சுரண்டி எடுக்க வேண்டும்.