பேசிவைக்காத அழுத்தம்

காதில் குரல்கள் கேட்கத் தொடங்கிய வருடமே அண்ணனுக்கு மனிதர்களின் முகங்களும் புரியாமல் போயின. ஒரு துக்க வீட்டில் எல்லோர் எதிரிலும் சிரித்துவிட்டான். அதன்பிறகு எங்களுக்குள் ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். வெளியே போனால் அவன் கையைப் பிடித்துக்கொள்வேன். எதிரே இருப்பவர் சிரித்தால் ஒருமுறை அழுத்துவேன், வருத்தமாக இருந்தால் இருமுறை. அதற்கேற்ப அவன் புன்னகைப்பான், அல்லது தலையைக் குனிந்துகொள்வான்.

அன்று ஆஸ்பத்திரி பெஞ்சில் காத்திருந்தோம். டாக்டரிடம் தனியாகப் பேசிவிட்டு அம்மா வெளியே வந்தாள்.

"ஒண்ணுமில்ல அறவாழி. மாத்திரை சாப்பிட்டா சரியாயிடும்னு சொல்லிட்டாங்க" என்றாள் அண்ணனிடம். கைப்பையின் ஜிப்பைத் திறந்து திறந்து மூடினாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

நான் ஒருமுறை அழுத்தினேன்.

அண்ணன் புன்னகைக்கவில்லை. அம்மாவையே பார்த்தான். பிறகு, முதல்முறையாக, அவன் என் கையை அழுத்தினான். ஒருமுறையும் இல்லை, இருமுறையும் இல்லை. அழுத்தியவன் விடவே இல்லை.

"இந்த மாதிரி சிரிப்புக்கு நாம ஒண்ணும் பேசி வைக்கலையே பாப்பா" என்றான், எனக்கு மட்டும் கேட்கும்படி.

நிமிர்ந்து பார்த்தேன். அம்மா இன்னும் சிரித்துக்கொண்டிருந்தாள்.