விரும்பினால் மட்டும்

ஜெர்மனியின் எர்லாங்கன் நகரில், சில்வெஸ்டர் வீட்டுக் குசினி மேசையில் சனிக்கிழமை வெயில் சரிந்து கிடக்கிறது. அந்த வெயிலில் பழுப்பேறிய கணினியொன்று உறுமிக்கொண்டிருக்கிறது. ஐந்து வருடமாக ஊர்ச்சனத்தின் அகதி விண்ணப்பக் கடிதங்களை எல்லாம் சில்வெஸ்டர் இதில்தான் தட்டச்சு செய்தார். கடைசியாக மிஞ்சியிருந்த தபோதரனுக்கும் இன்று காலை வதிவிட அனுமதி வந்துவிட்டது. அந்தக் கடித உறையை அவன் இன்னும் கையிலிருந்து கீழே வைக்கவில்லை. இனி அந்தக் கடிதங்கள் ஒருவருக்கும் தேவையில்லை. எல்லாவற்றையும் அழிக்கவா என்று திரை ஜெர்மனில் கேட்கிறது.

“எங்கட கதை முழுக்கப் போயிடுமோ, அண்ணை?”

“ஓம். கடையில இருந்து வந்த நாள் மாதிரி ஆகிடும். நீயே அமத்து.”

தபோதரன் ஒற்றை விரலால் அமத்துகிறான். உள்ளே கணினியின் சேமிப்பு வட்டு கறகறக்கிறது; திரையில் எண்கள் ஒவ்வொன்றாக ஏறுகின்றன. சில்வெஸ்டரின் மனைவி ஜசிந்தா, பொரித்த சூடு ஆறாத றோல்ஸைத் தட்டோடு கொண்டுவந்து வைக்கிறாள். மூவரும் திரையைப் பார்த்தபடி மெல்லுகிறார்கள். எண்கள் நூறில் நிற்கின்றன.

“இப்ப பேர் கேக்குது,” என்கிறார் சில்வெஸ்டர்.

தபோதரன் சட்டென்று நிமிர்ந்து, அகதி விசாரணைகளில் சொல்லிப் பழகியபடி முழுப்பெயர், பிறந்த திகதி, பிறந்த இடம் என்று ஜெர்மனில் ஒப்புவிக்கத் தொடங்குகிறான். ஜசிந்தாவுக்குச் சிரிப்பில் புரையேறுகிறது.

“உன்னையில்லையடா, வட்டுக்குப் பேர் கேக்குது. விரும்பினா எழுதலாம், இல்லாட்டி விடலாம்.”

“விடலாமோ?”

அவன் உறையை மேசையில் வைக்கிறான். பெயருக்காகத் திரையில் மினுங்கும் அந்த வெற்றிடத்தை ஆசைதீரப் பார்க்கிறான். பிறகு ஒன்றுமே எழுதாமல் என்டரை அமத்துகிறான்.