உயிரோடு இருப்பவர்களின் பெயர்கள்

"இந்தக் கறுப்பு எதுக்குங்க?"

நாற்பத்தொன்றாம் பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு கேட்டார். அறுபதைத் தாண்டிய பஸ் மெக்கானிக். போர்க் காலத்தில் ராணுவ முகாமில் பதினோரு மாதம் அடைத்துவைக்கப்பட்டிருந்தவர். தேய்த்துக் கழுவிக்கொண்டு வந்திருந்தும் நகக்கண்ணில் கிரீஸ் மிச்சமிருந்தது.

அந்த முகாம்களின் பதிவேடுகளை முப்பது வருடம் கழித்து இப்போதுதான் திறந்துவிட்டிருக்கிறார்கள். அடைபட்டுக் கிடந்தவர்கள் மனுக் கொடுத்தால் அவரவர் பக்கங்களுக்கு நகல் கிடைக்கும். ஆவணக் காப்பகத்தில் நகல் எடுத்துக் கொடுப்பது என் வேலை.

விதி ஒன்றே ஒன்றுதான். முகாமில் வேலை பார்த்தவர்களில் உயிரோடு இருப்பவர்களின் பெயரை மையால் மறைக்க வேண்டும். இறந்தவர்களின் பெயரை அப்படியே விட வேண்டும்.

"உயிரோட இருக்கிறவனுக்குத்தானே மானம் போகும், செத்தவனுக்கு என்ன?" என்பார் எங்கள் கண்காணிப்பாளர், மார்க்கர் பேனா வாங்கக் கையெழுத்துப் போடும்போதெல்லாம். நாங்களும் சிரித்துவைப்போம்.

மெக்கானிக்கிடம் விதியைச் சொன்னேன். சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

அது முகாம் டாக்டரின் சான்றுகள் இருந்த பக்கம்.

'இடப்பக்கம் இரண்டு விலா எலும்பு முறிவு. விசாரணையைத் தாங்குவார்.' அடுத்த வாரம், 'வலது காதில் சீழ், கேட்கும் திறன் இல்லை. விசாரணையைத் தாங்குவார்.' ஏழு வாரம், ஏழு சான்று. ஏழிலும் 'தாங்குவார்'. மரியாதைக்கு ஒரு குறைச்சலும் இல்லை.

பக்கத்திலேயே ஏழு கறுப்புக் கட்டங்கள்.

இடது காதை என் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"அப்போ இந்த டாக்டர் இன்னும் இருக்காரு?"

"ஆமா," என்றேன்.

காகிதத்தை மெதுவாக மேசைமேல் வைத்தார். வாசிப்பு அறையில் எங்கள் இரண்டு பேரைத் தவிர யாரும் இல்லை. இருந்தும் ஒருமுறை திரும்பிக் கதவைப் பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்து, முதுகு சுவரில் படும்படி நகர்ந்து உட்கார்ந்தார்.

"கண்ணைக் கட்டியிருப்பாங்கம்மா. முகம் தெரியாது. நாடி பிடிக்கிற விரல் மட்டும்தான் தெரியும். சில்லுன்னு இருக்கும். அந்த விரல் கையை விட்டதும் மறுபடி ஆரம்பிப்பாங்க." கொஞ்சம் நிறுத்தினார். "இந்நேரம் அந்த ஆள் போய்ச் சேர்ந்திருப்பாருன்னு நானா ஒரு கணக்குப் போட்டு வெச்சிருந்தேன். அப்படி நினைச்சுக்கிட்டதுலதான் இப்ப கொஞ்ச வருஷமா தூக்கமே வருது."

மடித்துவிட்டிருந்த சட்டைக் கையை இறக்கி மணிக்கட்டை மூடிக்கொண்டார்.

பட்டப்பகல் பதினொரு மணி. வெளியே யாரோ வண்டியை உதைத்துக் கிளப்பிய சத்தத்துக்கு அவர் தோள் துள்ளியது.



"அந்தப் பக்கத்தைக் கொஞ்சம் குடுங்க," என்றேன். "நகல்ல ஒரு தப்பு நடந்திருக்கு."

உள்ளே போய் மூலப் பதிவேட்டை மறுபடி எடுத்தேன். இயந்திரத்தில் வைத்துப் புதிதாக ஒரு நகல் எடுத்தேன். இந்த முறை மார்க்கரைத் தொடவில்லை. ஏழு இடத்திலும் பெயர் பளிச்சென்று வந்தது. சூடாக இருந்த காகிதத்தை வைத்துக்கொண்டு அங்கேயே நின்றேன். கண்காணிப்பாளர் தலையை நிமிர்த்தி, என்ன என்று கையை அசைத்தார். ஒன்றுமில்லை என்று தலையாட்டினேன்.

எந்த நகலும் முத்திரை இல்லாமல் வெளியே போகக் கூடாது. அடியில் 'உண்மை நகல்' என்று குத்தி, அதன் கீழே கொடுப்பவர் தன் முழுப் பெயரை எழுத வேண்டும். வெறும் இனிஷியல் செல்லாது. அப்பா பெயரையும் விரித்து எழுத வேண்டும்.

குத்தினேன். எழுதினேன்.

வாசிப்பு அறைக்கு வந்து அதை அவர் முன்னால் வைத்தேன்.

"அவர் இறந்துட்டாருங்க. மை பூசினது என் தப்பு. தெரிஞ்சேதான் பூசினேன்."

அவர் என்னை ஏறிட்டுப் பார்த்தார். பிறகு காகிதத்தைப் பார்த்தார். டாக்டரின் பெயர் அவருக்குத் தெரியவந்தது அப்போதுதான். உதடு அசைய, எழுத்துக் கூட்டிப் படித்தார். அதோடு விடவில்லை. விரலை நகர்த்தி நகர்த்தி ஏழு இடத்திலும் படித்தார்.

விரல் இறங்கி முத்திரைக்கு வந்தது. அங்கே எட்டாவது தடவையாக அதே பெயர். அதற்கு அடுத்து என் பெயர்.

விரல் நின்றது.

எங்கள் தெருவே அப்பாவைக் கைராசி டாக்டர் என்றுதான் சொல்லும். போன மாதம் ஒரு காலையில், பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் அப்படியே நாற்காலியில் சாய்ந்துவிட்டார். ஒரு நோவு நொடி இல்லை. பதினைந்து நாள் லீவு முடிந்து நான் அலுவலகம் வந்தபோது மேசைமேல் முதலாவதாக இருந்தது இந்த மெக்கானிக்கின் மனு.

அவர் கத்துவார் என்று நினைத்தேன். காகிதத்தை என் முகத்தில் எறிந்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று நின்றேன்.

"வீட்ல எங்களைப் பத்தி எப்பவாவது பேசியிருக்காராம்மா?"

"இல்லீங்க," என்றேன். "ஒரு தடவைகூட இல்ல."

அவர் தலையை ஆட்டினார். காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, மேசையைப் பிடித்து எழுந்தார்.

"வரேம்மா."

வாங்க என்று சொல்ல வேண்டும். சுவரோரம் கிடந்த அவர் நாற்காலியை மேசைப் பக்கம் இழுத்துப் போட்டேன்.